பல்கலைக்கழகம் வந்தால் கடைத்தெரு பிழைக்குமா?

1. வரைபடக்காரன்

வணக்கம் நண்பர்களே. 15 வருடம் நகரத் திட்டமிடல் வேலையில் இருந்துவிட்டு இப்போது ஒதுங்கியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டபாடில்லை. இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

நகர மையத்தில் கடைகள் மூடுவது உலகம் முழுக்க நடக்கிறது. முதலில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் மூடும். அதை நம்பி வந்துபோன கூட்டம் நின்றுவிடும். அப்புறம் சுற்றியிருக்கும் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கும். 1956இல் அமெரிக்காவின் எடைனாவில் சவுத்டேல் திறந்தது. கூரை போட்டு, குளிரூட்டிய முதல் பெரிய ஷாப்பிங் மால் அதுதான். அன்றைக்குத் தொடங்கிய இழுபறி இது. இணைய வியாபாரம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

இதற்கு நகர நிர்வாகங்கள் அடிக்கடி எடுக்கும் மருந்து பல்கலைக்கழகம். "ஒரு கல்லூரிக் கட்டடத்தை மையத்துக்குக் கொண்டுவாருங்கள், ஆள் நடமாட்டம் தானாக வரும்" என்பார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் இதைப் பெரிய அளவில் செய்தது. 2006இல் அங்கே வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த கடன்பத்திரத் திட்டத்தில் 22.3 கோடி டாலர், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நகர மைய வளாகத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. இதழியல், செவிலியர் படிப்பு எல்லாம் அங்கே வந்தன. 2008 டிசம்பரில் இலகு ரயிலும் ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தின் குளோஸ்டரில் இன்னும் நேரடியான வழி. மூடிப்போன டெபனம்ஸ் கடைக் கட்டடத்தையே அங்குள்ள பல்கலைக்கழகம் வாங்கி வளாகமாக மாற்றிவிட்டது.

எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. ஒரு தொழிற்சாலை நாளைக்கே வேறு ஊருக்குப் போகலாம், ஒரு சங்கிலிக் கடை ஒரே அறிவிப்பில் எல்லாக் கிளையையும் மூடலாம். பல்கலைக்கழகம் அப்படி எழுந்து போகாது. நூறு வருடம் கழித்தும் அதே இடத்தில் இருக்கும். நகரத்துக்கு இதைவிட நல்ல குடித்தனக்காரர் கிடைப்பாரா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

2. மூலைக்கடை

ஐயா, நான் ஒரு வளாகத்தின் வாசலுக்கு எதிரே 11 வருடம் எழுதுபொருள் கடை நடத்தியவன். வரைபடத்தில் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்: நாள்காட்டி.

மாணவர்கள் வருடம் முழுக்க இருப்பதில்லை. இரண்டு பருவம், ஒவ்வொன்றும் 15 வாரம் என்று வைத்தாலும் 30 வாரம்தான். ஆக்ஸ்ஃபோர்டில் முழுப் பருவம் என்பதே 8 வாரம், வருடத்துக்கு 3 முறை. மொத்தம் 24 வாரம். மீதி மாதங்களுக்கும் வாடகை உண்டு, மின்கட்டணம் உண்டு, வேலையாளுக்குச் சம்பளம் உண்டு. என் கடையில் வருட விற்பனையில் பெரும்பகுதி பருவம் தொடங்கும் முதல் மூன்று வாரத்திலும் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்திலும் நடக்கும். அந்த வாரங்களில் கல்லா நிறைவதைப் பார்த்துக் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றுவார். நீண்ட விடுமுறையில் அவர் வந்து பார்த்ததே இல்லை.

இன்னொன்று. 7ஆம் வருடம் வளாகத்துக்குள்ளேயே ஒரு நகல் எடுக்கும் பிரிவும் எழுதுபொருள் விற்பனையும் தொடங்கினார்கள். மாணவர் அட்டையில் பணம் ஏற்றிவைத்துச் செலவு செய்யும் வசதியும் சேர்ந்தது. மழையில் சாலையைக் கடந்து என் கடைக்கு ஏன் வரவேண்டும்? நான்கு வருடம் தாக்குப்பிடித்தேன், அப்புறம் மூடிவிட்டேன். ஆயிரக்கணக்கான பேர் என் கண்ணெதிரே நடமாடினார்கள், என் வாசலுக்கு வரவில்லை.

ஆகவே "ஆள் நடமாட்டம் தானாக வரும்" என்ற இடத்தில்தான் எனக்கு நெருடுகிறது. ஆள் வருவதும் கடைக்குள் ஆள் வருவதும் ஒன்றல்ல.

3. நடைபாதை

மூலைக்கடை அண்ணன் சொல்வது மனதை வருத்துகிறது. ஆனாலும் வேறொரு பக்கத்தையும் வைக்கிறேன்.

1959இல் அமெரிக்காவின் கலமசூ நகரம் தன் கடைத்தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அதற்கு யோசனை தந்தவர் விக்டர் குரூயன். வரைபடக்காரன் ஐயா சொன்ன சவுத்டேல் மாலை வடிவமைத்தவரும் அவரேதான். நகர மையத்தைக் காலி செய்த கட்டடத்தையும் அதற்கு மருந்தையும் ஒரே மனிதர் வரைந்திருக்கிறார். அதைப் பார்த்து அடுத்த 25 வருடங்களில் சுமார் 200 அமெரிக்க நகரங்கள் இப்படிச் செய்தன. பெரும்பாலானவை தோற்றன. பாதை அமைத்தும் நடக்க ஆள் இல்லை. கலமசூ உட்பட பல நகரங்கள் மறுபடி வண்டியை விட்டன.

தப்பியவை எவை என்று பாருங்கள். போல்டரின் பேர்ல் தெரு (1977), பர்லிங்டனின் சர்ச் தெரு (1981), ஐயோவா சிட்டி, இத்தாக்கா, சார்லட்ஸ்வில். எல்லாமே பல்கலைக்கழக ஊர்கள். மேடிசனின் ஸ்டேட் தெருவில் பேருந்துகள் போனாலும் அதுவும் இதே வகைதான். ஒரு முனையில் மாநிலச் சட்டமன்றம், மறுமுனையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், நடுவில் நெடுகக் கடைகள்.

காரணம் எளிது. மாணவர்களிடம் கார் குறைவு, நேரம் அதிகம், நடந்துதான் போவார்கள். மாலையிலும் இருப்பார்கள். அலுவலகக் கூட்டம் ஆறு மணிக்குக் கலைந்துவிடும். மாணவர் கூட்டம் ஆறு மணிக்குத்தான் வெளியே வரும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு புத்தகக்கடை திறந்திருக்கிறது என்றால் பக்கத்தில் எங்கோ படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஸ்டேட் தெருவைக் கவனியுங்கள். அங்கே பல்கலைக்கழகம் தெருவின் ஒரு முனையில் நிற்கிறது. தெருவை விழுங்கவில்லை. நடுவில் உள்ள நிலமெல்லாம் பலருடைய கையில் சின்னச் சின்னதாக இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

4. ஆய்வுமாணவி

விழுங்கியதற்கு உதாரணம் நான் தருகிறேன். நகர வரலாறு படிக்கிறேன், இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு.

சிகாகோவில் ஹைட் பார்க். 1950களில் அங்கே இருந்த பல்கலைக்கழகம், சுற்றுப்புறம் சீரழிகிறது என்று பயந்தது. ஏழைகளும் கறுப்பினக் குடும்பங்களும் குடியேறுவதையே சீரழிவு என்று பார்த்த காலம் அது. நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் 55ஆம் தெரு கிட்டத்தட்ட முழுவதுமாக இடிக்கப்பட்டது. அந்தத் தெரு முழுக்கச் சின்னக் கடைகள், மதுக்கூடங்கள், மேலே வீடுகள். இடித்த இடத்தில், சாலை இரண்டாகப் பிரிந்து நடுவில் இரண்டு நீளமான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. கட்டடக்கலைஞர் ஐ. எம். பே வடிவமைத்தவை. அந்தப் பகுதி பாதுகாப்பாக ஆனது, உண்மை. கூடவே மாலை நேரத்தில் போவதற்கு இடமே இல்லாமலும் போனது. அரை நூற்றாண்டு கழித்து அதே பல்கலைக்கழகம் பக்கத்து 53ஆம் தெருவில் கடைகளையும் உணவகங்களையும் கொண்டுவரத் தன் பணத்தையே போட வேண்டியிருந்தது.

இது ஓர் ஊரின் தவறு மட்டும் இல்லை. 1959இல் வந்த அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தின் 112ஆம் பிரிவு என்ன செய்தது தெரியுமா? மறுசீரமைப்புத் திட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் நிலம் வாங்க, இடிக்கச் செய்யும் செலவை, திட்டத்துக்கு நகரம் போட வேண்டிய பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. நகரம் சொந்தப் பணம் போடாமலே மத்திய அரசின் பணத்தைப் பெறலாம். இடிப்பது லாபம் என்று சட்டமே சொன்னால் யார்தான் இடிக்காமல் இருப்பார்கள்?

ஃபிலடெல்ஃபியாவில் பிளாக் பாட்டம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. 1960களில் பல்கலைக்கழகங்களும் அறிவியல் மையமும் விரிவதற்காக அங்கிருந்து ஆயிரக்கணக்கான பேர் வெளியேற்றப்பட்டார்கள். கடைகளும் அவர்களோடு போயின. வாங்குகிற மக்களைத் துரத்திவிட்டுக் கடைத்தெருவைக் காப்பாற்ற முடியாது.

5. வரைபடக்காரன்

ஆய்வுமாணவி சொன்னதில் ஒரு சொல்கூட மறுக்க மாட்டேன். ஆனால் ஃபிலடெல்ஃபியாவின் அடுத்த அத்தியாயமும் இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்களுக்கெல்லாம் பாடமாகச் சொல்லப்பட்டது அது.

1990களில் மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் குற்றங்கள் அதிகம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆட்களே கொல்லப்பட்டார்கள். 1994இல் தலைவராக வந்த ஜூடித் ராடின், மதில் கட்டி உள்ளே ஒடுங்குவதற்குப் பதிலாக வெளிப்பக்கம் திரும்பினார். 36ஆம் தெரு முனையில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வாகன நிறுத்தம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் ஒரு புத்தகக்கடை, ஒரு தங்கும் விடுதி, தெருவைப் பார்த்த கடைகள் வந்தன. 40ஆம் தெருவில் மளிகைக்கடையும் திரையரங்கும். தெருவிளக்கும் துப்புரவும் கவனிக்க 1997இல் ஒரு தனி அமைப்பு. 2001இல் நகரப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ந்து ஓர் அரசுப் பள்ளி.

அந்த வாகன நிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான வளாகங்களின் ஓரத்தில் இருப்பது அதுதான்: வாகன நிறுத்தம், சுமை இறக்கும் வாசல், குளிரூட்டும் இயந்திரங்கள், மதில். பல்கலைக்கழகம் தன் முதுகை ஊருக்குக் காட்டி நிற்கிறது. பென்சில்வேனியா அந்த முதுகைத் திருப்பியது. அதனால்தான் அது வேலை செய்தது என்று நான் நம்புகிறேன்.

6. ஆய்வுமாணவி

பள்ளியைச் சொன்னீர்கள், அதன் விளைவையும் சொல்ல வேண்டும் சார். அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் விலை பக்கத்துத் தெருக்களைவிட மிக வேகமாக ஏறியது. இடித்து வெளியேற்றுவது 1960களின் வழி. விலை ஏறி வெளியேறுவது 2000களின் வழி. வெளியேறுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பள்ளி வருமுன்பே குறைந்த வாடகை வீடுகளை உறுதி செய்திருக்க வேண்டும் என்கிறேன்.

7. கணக்குப்பிள்ளை

இவ்வளவு பேசிவிட்டு வரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தணிக்கை வேலை பார்ப்பவன், என் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

பல நாடுகளில் கல்வி நிறுவனத்தின் சொத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஒரு கடைக் கட்டடம் நகரத்துக்குச் சொத்துவரி கட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பல்கலைக்கழகம் வாங்கி வகுப்பறை ஆக்குகிறது. அடுத்த வருடம் அந்த வரி நின்றுவிடும். ஆனால் குப்பை எடுக்க வேண்டும், தீயணைப்பு வண்டி வர வேண்டும், சாலை போட வேண்டும். நகர மையத்தில்தான் ஒரு சதுர அடிக்கு அதிக வரி கிடைக்கும். அங்கேயே விலக்கு கொடுத்தால் மீதி ஊர் அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பாஸ்டன் 2011இல் ஒரு முறை கொண்டுவந்தது. 1.5 கோடி டாலருக்கு மேல் விலக்குப் பெற்ற சொத்து வைத்திருக்கும் நிறுவனங்களிடம், வரி இருந்திருந்தால் கட்டியிருக்கும் தொகையில் 25 சதவீதத்தைத் தானாக முன்வந்து தருமாறு கேட்டது. அதில் பாதி வரை ஊருக்குச் செய்யும் சேவைகளாகக் கழித்துக்கொள்ளலாம். சட்டக் கட்டாயம் கிடையாது. அதனாலேயே கேட்டது முழுதாக வருவதும் இல்லை.

நியூ ஹேவன் நகரமும் யேல் பல்கலைக்கழகமும் 2021இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இதைவிடக் கூர்மையானது. ஆறு வருடத்தில் சுமார் 13.5 கோடி டாலர் தருவதாக யேல் ஒப்புக்கொண்டது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள இன்னொரு ஷரத்து. வரி கட்டும் ஒரு சொத்தை யேல் கல்விப் பயன்பாட்டுக்கு மாற்றினால், நகரம் இழக்கும் வரியை ஈடுகட்ட 12 வருடங்களுக்குத் தொகை தர வேண்டும். அது படிப்படியாகக் குறையும். கடையை வகுப்பறையாக மாற்றுவதற்கு ஒரு விலை இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்று.

இன்னும் ஒன்று. அங்கே யேலுக்குச் சொந்தமான கடைகளுக்கு, அவை வியாபாரச் சொத்து என்பதால், சொத்துவரி உண்டு. ஆகவே தரைத்தளத்தைக் கடைகளாகவே விட்டால் ஊருக்கு வரியும் வரும், தெருவுக்கு வெளிச்சமும் வரும். இப்படி இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு என் தொழிலில் அபூர்வம்.

8. மூலைக்கடை

வரி விஷயம் எனக்குப் புதிது, நன்றி. பல்கலைக்கழகமே கட்டட உரிமையாளராக இருக்கும் இடங்களைப் பற்றி ஒன்று சொல்லலாமா?

அதில் நல்லதும் உண்டு. தனி உரிமையாளர் ஒருவருக்குக் கடை காலியாக இருந்தால்கூட வாடகையைக் குறைக்க மனம் வராது. குறைத்தால் கட்டடத்தின் மதிப்பே குறையும், வங்கிக் கடன் அந்த மதிப்பை வைத்துத்தான் இருக்கிறது. அதனால் பல வருடம் பூட்டிக்கிடக்கும். பல்கலைக்கழகத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. வாடகையைக் குறைத்து ஒரு புத்தகக்கடையை, ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவரை உட்கார வைக்க அதனால் முடியும். தெரு முழுக்கத் தன் கையில் இருப்பதால் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது வேண்டும் என்று யோசிக்கவும் முடியும்.

ஆனால் அதே கை மறுபக்கமும் திரும்பும். நியூ ஹேவனின் பிராட்வே பகுதியில் யேல் கடைகளை ஒருங்கிணைத்தபோது ஆப்பிள் மாதிரிப் பெரிய பெயர்கள் வந்தன. தெரு பளிச்சென்று ஆனது. உள்ளூர்க்காரர்கள் பலர், இது எங்களுக்கான தெருவாக இல்லை என்றார்கள். ஒரே உரிமையாளர் என்றால் ஒரே ரசனை. அவருடைய சொத்துப் பிரிவில் புதிதாக ஓர் அதிகாரி வந்தால் பத்துக் கடைகளின் தலையெழுத்து ஒரே வருடத்தில் மாறும். பத்துப் பேரிடம் பத்துக் கட்டடம் இருந்தால் அப்படி நடக்காது.

9. முன்னாள் விடுதிவாசி

நான் மாணவனாக இருந்து வெளியே வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. பெரியவர்கள் எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

நகர மையத்தில் தனியார் கட்டிய மாணவர் விடுதியில் இரண்டு வருடம் இருந்தேன். 18 மாடி. உள்ளேயே உடற்பயிற்சிக்கூடம், படிப்பறை, சலவை இயந்திரம், சின்னத் திரையரங்கு, பார்சல்களை வாங்கிவைக்க ஓர் அறை. தரைத்தளத்தில் ஒரே ஒரு கதவு, அட்டையைக் காட்டினால் திறக்கும். மற்றதெல்லாம் மங்கலான கண்ணாடி. நான் இருந்த தெருவின் பெயரே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். எங்கள் பணம் எல்லாம் விடுதி வாடகைக்கும் உணவுத் திட்டத்துக்கும் வருடத் தொடக்கத்திலேயே போய்விடும். கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதற்கும் பார்சல் அறைதான் கடைத்தெரு.

மூன்றாம் வருடம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நாலு பேராக வாடகைக்கு இருந்தோம். கீழே தையல்காரர், பக்கத்தில் பூட்டு ரிப்பேர், எதிரே பழைய புத்தகம். அந்த ஒரு வருடத்தில் அந்தத் தெருவில் நான் செலவழித்தது முந்தைய இரண்டு வருடத்தைவிட அதிகம். அந்தத் தையல்காரர் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னிடம் பணம் கூடிவிடவில்லை. இறங்கினால் தெரு, அவ்வளவுதான்.

ஆகவே "மாணவர்கள் வந்தால்" என்று சொல்லும்போது எந்தக் கட்டடத்துக்கு என்று தயவுசெய்து சேர்த்துக் கேளுங்கள்.

10. நடைபாதை

முன்னாள் விடுதிவாசி, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையதுதான். நீங்கள் உணர்ந்ததை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார்: டென்மார்க்கின் கட்டடக்கலைஞர் யான் கேல். தெருமுகப்புகளை அவர் தரம் பிரித்தார். 100 மீட்டரில் 15 முதல் 20 கதவுகள் இருந்தால் அது உயிருள்ள முகப்பு. 2 கதவோ அதற்குக் குறைவோ இருந்தால் செத்த முகப்பு. உயிருள்ள முகப்பின் முன்னால் மக்கள் மெதுவாக நடக்கிறார்கள், நிற்கிறார்கள், திரும்பிப் பார்க்கிறார்கள். செத்த முகப்பைத் தாண்டி விரைகிறார்கள். உங்கள் விடுதியின் ஒற்றைக் கதவு எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வகம், அரங்கம், நூலகம் எல்லாமே இயல்பில் பெரிய கட்டடங்கள், பாதுகாப்புக்காகக் கதவைக் குறைப்பார்கள். அதனால் பல்கலைக்கழகம் மையத்துக்கு வரும்போது தெருவுக்கு வரும் முதல் ஆபத்து கதவு குறைவதுதான். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் மன்ஹாட்டன்வில்லில் 17 ஏக்கரில் விரிந்தபோது, அந்த நிலத்தை எடுத்த விதத்தை எதிர்த்து வழக்கு 2010 வரை போனது, பல்கலைக்கழகப் பக்கமே தீர்ப்பானது. அந்தக் காயம் ஆறியதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் வடிவமைப்பில் கட்டடக்கலைஞர் ரென்ஸோ பியானோ ஒன்றைச் சரியாகச் செய்தார். மதில் இல்லை, தெருக்கள் தெருக்களாகவே இருக்கின்றன, தரைத்தளம் பொதுமக்களும் வந்து போகும்படி கண்ணாடியாகத் திறந்திருக்கிறது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இத்தாலியின் பொலோஞ்ஞாவைப் பாருங்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான், 1088 என்று ஆண்டு குறிப்பார்கள். மாணவர்களும் மற்றவர்களும் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறை சேர்த்தார்கள். நீட்டிய மாடியைத் தாங்கத் தூண்கள் வந்தன. தூண்களுக்குள் நிழலான நடை. 1288இல் நகரமே சட்டம் போட்டது: புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு இந்தத் தூண்நடை இருக்க வேண்டும், நிலம் உங்களுடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது. இன்றைக்கு அவற்றின் மொத்த நீளம் சுமார் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தன. மேலே மாணவர் அறை, கீழே நிழல், உள்ளே கடை. பல்கலைக்கழக வளர்ச்சியும் கடைத்தெருவும் ஒரே கட்டடத்தில் கூடியது எப்படி என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றும் படம் இதுதான்.

11. ஆய்வுமாணவி

பொலோஞ்ஞா எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: மாணவர்களும் ஊர்க்காரர்களும் ஒரே தெருவில் இருந்தால் எப்போதும் ஒட்டிப்போகும் என்று எண்ண வேண்டாம். 1355 பிப்ரவரி 10 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மதுக்கூடத்தில் ஒயின் சரியில்லை என்று தொடங்கிய சண்டை, கிட்டத்தட்ட 90 பேர் சாகும் கலவரமாக முடிந்தது. அதற்கான தண்டத்தை ஊர் 1825 வரை வருடாவருடம் கட்டியது. ஒரு கடையில் வாங்கிய பொருளைப் பற்றிய சண்டை, 470 வருடம்!

இன்றைய உரசல் வேறு வகை. பிரிட்டனில் 2000களில் இதற்கு ஒரு பெயரே வந்தது, தமிழில் மாணவர்மயமாதல் எனலாம். குடும்ப வீடுகள் ஒவ்வொன்றாகப் பலர் பகிரும் மாணவர் வீடுகளாக மாறின. தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். அக்கம்பக்கக் கடைகள் இரவு உணவகங்களாக மாறின. கோடையில் தெரு வெறிச்சோடியது, மூலைக்கடை ஐயா சொன்ன அதே நாள்காட்டி. நாட்டிங்ஹாம் உட்படப் பல நகரங்கள், வீட்டை இப்படி மாற்ற முன் அனுமதி வேண்டும் என்று விதி கொண்டுவந்தன. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அங்கே உள்ளாட்சி வரி கிடையாது என்பதையும் கணக்குப்பிள்ளை அவர்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குத் தோன்றுவது இது. மாணவர்கள் மட்டும் இருக்கும் தெரு மாணவர்களுக்கே ஒத்துவராது. முதியவர், குழந்தை, வேலைக்குப் போகிறவர், எல்லாரும் கலந்து இருந்தால்தான் ஒரு கடைக்குக் காலை, மதியம், மாலை, கோடை, குளிர் என எல்லா நேரமும் ஆள் வரும்.

12. கணக்குப்பிள்ளை

மாணவர்களை மட்டுமே எண்ணுகிறோம். பல்கலைக்கழகத்தில் ஊழியர்களும் இருக்கிறார்கள். நூலகர், கணக்கர், ஆய்வக உதவியாளர், துப்புரவுப் பணியாளர். இவர்களுக்கு மாதச் சம்பளம், வருடம் முழுக்க வேலை. கோடையிலும் வருவார்கள். நகர மையத்துக்கு ஒரு வகுப்பறைக் கட்டடம் வேண்டுமா, நிர்வாக அலுவலகம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், கடைக்காரர் நலனுக்கு அலுவலகம்தான் முதலில் வர வேண்டும் என்பேன். அமெரிக்காவின் டர்ஹமில் டியூக் பல்கலைக்கழகம் அப்படித்தான் செய்தது. பழைய புகையிலைத் தொழிற்சாலை ஒன்றை 2004இல் புதுப்பித்துத் திறந்தபோது, அதில் அலுவலக இடத்தை வாடகைக்கு எடுத்த முதல் ஆட்களில் அதுவும் ஒன்று. வாங்கவில்லை, வாடகை. ஆகவே கட்டடம் தனியார் கையில், வரி நகரத்துக்கு.

13. நடைபாதை

பல்கலைக்கழகமே ஊரைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்ஜியத்தில் மொழிப் பிரச்சினையால் 1968இல் லூவான் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்கு 1971 முதல் வயல்வெளியில் ஒரு புது ஊரையே கட்டினார்கள்: லூவான்-லா-நெவ். கார்களும் ரயிலும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே, மேலே முழுக்க நடைத்தெரு, கடை, வகுப்பறை, வீடு எல்லாம் கலந்து. தனி வளாகம் என்று வேலி போடவில்லை. நிலம் பல்கலைக்கழகத்துடையது, கட்டுபவர்களுக்கு நீண்ட காலக் குத்தகை. 2005இல் மையத்தில் ஒரு பெரிய மால் வந்தது. அதை இன்னும் விரிவாக்கலாமா என்று 2017இல் ஊராரிடம் கருத்துக் கேட்டபோது, வந்து வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். வெறும் வயலில் தொடங்கிய ஊருக்குக்கூட 50 வருடத்தில் தன் கடைத்தெரு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சொந்தக் கருத்து வந்துவிட்டது!

14. வரைபடக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் தவறு என்று புரிகிறது. வருவதா வேண்டாமா என்று கேட்டேன், எந்தக் கதவோடு, எந்தக் குத்தகையோடு என்று கேட்டிருக்க வேண்டும்.

காலியான டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடத்தை வைத்தே யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கட்டடங்கள் மிக ஆழமானவை, நடுவில் வெளிச்சம் போகாது. வீடாக மாற்றுவது கஷ்டம், ஜன்னல் இல்லாத அறையில் யார் இருப்பார்கள்? ஆனால் விரிவுரை அரங்கத்துக்கு ஜன்னல் தேவையில்லை, படப்பிடிப்புக்கூடத்துக்கும் தேவையில்லை. நடுப்பகுதி அவற்றுக்கு. மேல்தளங்களின் ஓரங்கள் அலுவலகத்துக்கும் படிப்பறைக்கும். தரைத்தளத்தில் தெருவை ஒட்டிய முதல் 10, 12 மீட்டர் ஆழத்தைச் சின்னச் சின்னக் கடைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தெருவில் தனிக் கதவு. நூலகத்தைக் கீழே வைத்து ஊர் மக்களுக்கும் திறந்துவிடலாம். உணவுக்கூடம் மட்டும் உள்ளே வேண்டாம். அது இருந்தால் வெளியே இருக்கும் ஒரு உணவகமும் நிற்காது.

மூலைக்கடை, உங்களிடம்தான் கடைசியாகக் கேட்க வேண்டும். இப்படி ஒரு கட்டடத்தில் உங்களுக்கு ஒரு கடை தருகிறார்கள் என்றால், குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுவீர்கள்?

15. மூலைக்கடை

இந்தக் கேள்வியை 11 வருடத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் கேட்டிருக்கலாம்.

வாடகை விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். அடிப்படையாக ஒரு சின்னத் தொகை, அதற்கு மேல் விற்பனையில் ஒரு சதவீதம். பெரிய மால்களில் இது சாதாரணம், சின்னக் கடைக்காரருக்குத்தான் யாரும் தருவதில்லை. அப்படி இருந்தால் விடுமுறை மாதங்களில் உரிமையாளருக்கும் சேர்ந்து வலிக்கும், கோடையில் அந்தக் கட்டடத்தில் எதையாவது நடத்த அவரே வழி தேடுவார்.

நான் விற்கும் பொருளை வளாகத்துக்குள் அவர்களே விற்க மாட்டோம் என்று எழுத வேண்டும். மாணவர் அட்டை என் கடையிலும் செல்ல வேண்டும். குத்தகை ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது, புதுப்பிக்கும் முதல் உரிமை எனக்கு. உள்பக்கமாக வளாகத்திலிருந்து ஒரு கதவு வைத்தாலும் தெருக்கதவைப் பூட்டக் கூடாது. அதையும் எழுதச் சொல்வேன், ஏனென்றால் பாதுகாப்பு என்று சொல்லி முதலில் பூட்டுவது அதைத்தான்.

இவ்வளவும் இருந்தால் நாளைக்கே கையெழுத்துப் போடுவேன். என் பழைய அலமாரிகள் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன.